ஓர் ஆசிரியர் ஆக்கிய எழுத்து
(தாமலில் ஆற்றிய உரை)

 

என் பழைய மாணாக்கர் ஒருவர் பட்டுப்புடைவை நெய்பவர். அண்மையில் அவர் கைப்பேசிக்கு ஒரு செய்தி வந்தது. மொழி தமிழ், எழுத்தோ ஆங்கிலம். 'சிவப்புக் கரை' என்று எழுதியதை அவர் 'சிவப்புக் கறை' என்று படித்துவிட்டார். கொடுத்த புடைவை கெட்டதென்று அஞ்சி ஓடினார்! கரையையும் கறையையும் பிரித்துக் காட்டவியலாத எழுத்து அது. பள்ளியும் பல்லியும் அதில் ஒன்றே.

நாம் சோம்பலால் தேடிக்கொண்ட இவ்விடர் சந்தால் மக்கட்கு வரலாற்றால் வந்தது. அவர்தம் மொழி முண்டா இனத்தது. வங்கத்தில் வங்க எழுத்திலும், ஒடிய நாட்டில் ஒடிய எழுத்திலும், பீகாரில் நாகரியிலும், கிறித்தவக் குருமார் வகுத்த உரோம எழுத்திலுமாக அதனை எழுதினர். மொழி ஒன்று, ஆயினும் ஒருவர் மடலை மற்றவர் படிக்கவியலாது. மூச்சைத் தடுத்து ஒலிக்கும் அவர்தம் மெய்கட்கு வங்க, ஒடிய, நாகரி எழுத்துகளில் இடமுமில்லை.

1905-இல் மயூர்பஞ்சில் பிறந்த இரகுநாத முர்மு, தம் இருபதாம் அகவையில், 1925-இல், 'ஒல் சிக்கி' என்னும் எழுத்தை ஆக்கினார். பின்னர்ப் பள்ளியாசிரியராக விளங்கியவர். (அதனாலேயே எனக்கு அவர்மீது பற்று மிகுதி, பொறுத்தருள்க!) எழுத்துகள் முப்பதே. உயிரும் மெய்யும் தனித்தனி நிற்கும், உயிர்மெய் வடிவமில்லை. நிலம், வாய் என மக்கள் அறிந்த பொருள்களினின்றே வடிவங்களை எடுத்தார். அவ்வெழுத்தில் நாடகமும் எழுதினார். 1982-இல் மறைந்தார். 2003-ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தத்தால் சந்தாலி எட்டாம் அட்டவணையில் ஏறியது. 2008-இல் ஒல் சிக்கி ஒருங்குறியில் இடம் பெற்றது.

அமெரிக்காவிலும் இத்தகையவர் ஒருவர் இருந்தார். செரோக்கி இனத்து வெள்ளித்தட்டார் செக்குவோயா. ஆங்கிலம் படிக்கவே தெரியாதவர். 1821-இல் தம் மொழிக்கு எழுத்து முடித்தார். இன்று வழங்குவன 85 குறிகள். ஏறத்தாழ ஒவ்வொன்றும் நம் உயிர்மெய் போன்றது. தனிமெய்க்கு ஒரே குறி. ஆனால் நம் 'க'வினின்று 'கா' கிளைப்பதுபோல் அங்கு ஒன்றினின்று ஒன்று கிளைப்பதில்லை; அத்தனையும் தனித்தனியே மனத்திலிருத்த வேண்டியவை. அமைப்பில் நம்மதே எளிது என்பேன். எனினும் 1828-இல் அவ்வெழுத்தில் செய்தித்தாள் வெளிவந்தது. பத்தாண்டில் அம்மக்களை நிலத்தினின்று துரத்தினர். எழுத்தை அவர்கள் உடன் கொண்டு சென்றனர்.

நமக்குப் புதிதாய் ஆக்க வேண்டிய தொல்லையில்லை. கைப்பேசியில் தமிழ் விசைப்பலகை உள்ளது. வரும் ஞாயிறு மாலை இதே இடத்தில் அதனைக் காட்டித் தருகின்றேன். இளையோர் தத்தம் கைப்பேசியொடு வருக. கரைக்காரத் தம்பியும் வருவார்.