பண்பாட்டு அதிர்ச்சி யாருக்கு?

(வெளிநாட்டுக்குப் படிக்கச் செல்லும் மாணவர்களுக்கான வழியனுப்புக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்னும் சில வாரங்களில் அமெரிக்காவுக்கும் பிரிட்டனுக்கும் கிளம்பப் போகிற தம்பி, தங்கைகளுக்காகக் கூடியிருக்கிறோம். விசா, வங்கிக் கடன், குளிருக்கான உடை பற்றியெல்லாம் எனக்கு முன்னால் பேசியவர்கள் சொல்லிவிட்டார்கள். போய் இறங்கியதும் பல்கலைக்கழகமே அறிமுக வகுப்பு நடத்தும். வரிசையில் நிற்பது, நேரத்துக்குப் போவது, பிறர் எழுதியதைப் பெயர் சொல்லாமல் எடுத்தால் படிப்பே பறிபோகும் என்பது, எல்லாம் சொல்லித் தருவார்கள். கவனமாகக் கேளுங்கள், குறிப்பாகக் கடைசியில் சொன்னதை.

ஆனால் அந்த வகுப்பை நடத்துகிறவர்களுக்கு இந்திய மாணவர்கள் என்றால் ஒரே கூட்டம். நல்ல எண்ணத்தோடுதான் உங்களை அந்தக் கூட்டத்திடம் ஒப்படைப்பார்கள். விமான நிலையத்திலிருந்து அழைத்துப் போவது, முதல் வாரம் தங்குவது, அறை தேடுவது எல்லாம் பெரும்பாலும் இந்திய மாணவர்களின் வாட்ஸ்அப் குழுக்கள் வழியாகவே நடக்கும். ஊரில் நாம் எதைவிட்டு வெளியேற நினைத்தோமோ, அது அங்கே நமக்கு முன்பே போய் உட்கார்ந்திருக்கிறது.

அண்ணல் அம்பேத்கர் 1913 ஜூலையில் நியூயார்க் போய் இறங்கினார். வயது 22. கொலம்பியா பல்கலைக்கழக விடுதியில் அவரோடு தங்கிய நவல் பதேனா என்ற பார்சி மாணவர் கடைசிவரை நண்பராக இருந்தார். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இருந்த ஆண்டுகளில் தான் தீண்டத்தகாதவன் என்ற நினைப்பே மனதிலிருந்து அழிந்துபோனதாக அவர் பின்னர் எழுதினார். திரும்பி வந்து பரோடாவில் தங்க இடம் தேடியபோதுதான் அந்த நினைப்பு மறுபடியும் அடித்து எழுப்பப்பட்டது. அன்று நியூயார்க்கில் இருந்த இந்தியர்கள் கொஞ்சம் பேர். 2023-24 கல்வியாண்டில் அமெரிக்காவில் படித்த இந்திய மாணவர்கள் மட்டும் 3.3 லட்சத்துக்கும் மேல். அம்பேத்கருக்குக் கிடைத்த மூச்சுவிடும் இடம் உங்களுக்குத் தானாகக் கிடைத்துவிடாது.

முதல் சிக்கல் பெயரிலேயே வரும். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இல்லையென்றால், அமெரிக்க விசாவில் உங்கள் பெயரைக் குடும்பப் பெயராக வைத்துவிட்டு, முதற்பெயர் இடத்தில் 'எஃப்என்யு' என்று அடித்துத் தருவார்கள். முதற்பெயர் தெரியவில்லை என்று அர்த்தம். வங்கியில், கல்லூரி அலுவலகத்தில் இதை விளக்கிக்கொண்டே இருக்க வேண்டும். சலித்துக்கொள்ளாமல் விளக்குங்கள். 1929இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் சாதிப் பட்டத்தை விடுவது என்று தீர்மானம் போட்டவர்களின் பிள்ளைகள் நாம். அலுவலர் கேட்பது படிவத்துக்காக. சக இந்திய மாணவர் "உன் சர்நேம் என்ன?" என்று கேட்பது வேறு. அப்பா பெயரைச் சொன்னால் அவருக்கு ஒன்றும் பிடிபடாது. அடுத்து எந்த ஊர், வீட்டில் என்ன சமைப்பீர்கள், எந்தச் சாமி என்று சுற்றி வருவார். பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் உங்களுக்கு எதுவும் இல்லை.

அடுத்தது வீடு. 'சைவம் மட்டும்' என்ற அறை விளம்பரங்களைப் பார்ப்பீர்கள். சைவ உணவு அவரவர் விருப்பம்தான். ஆனால் முட்டை சமைத்த பாத்திரத்தைத் தனியாக வைக்கச் சொல்கிற இடத்தில் பேசுவது உணவைப் பற்றி அல்ல என்பது நமக்குத் தெரியும். நான் பழகிய ஒரு வீட்டில் ஆறு மாணவர்கள். கழிப்பறை கழுவ முறை வைத்துப் பட்டியல் ஒட்டினார்கள். இரண்டு பேர் தங்கள் முறை வரும்போதெல்லாம் வேறு யாருக்காவது காசு கொடுத்து ஒப்பேற்றினார்கள். பிறந்ததிலிருந்து அந்த வேலையை அவர்கள் வீட்டுக்கு யாரோ வந்து செய்திருக்கிறார்கள். உண்மையான பண்பாட்டு அதிர்ச்சி அவர்களுக்குத்தான்! எந்த அறிமுக வகுப்பிலும் இது பாடமாக இல்லை. ஆதிக்கச் சாதி வீடுகளிலிருந்து இங்கே வந்திருக்கும் தோழர்கள் விமானம் ஏறுவதற்கு முன் ஒரு மாதம் வீட்டில் பழகிவிட்டுப் போகலாம்.

வகுப்பறை பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அங்கே பல பேராசிரியர்கள் தங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடச் சொல்வார்கள். நமக்கு நாக்கு எழாது. வெறும் மரியாதைப் பழக்கம் என்று இதைச் சொல்லிவிட முடியாது. நம் தாத்தாவை ஊர்த்தெருப் பையன்கள் பெயர் சொல்லி, 'டேய்' என்று கூப்பிட்டதையும், அவர் அந்தப் பையன்களை 'சாமி' என்றதையும் கேட்டு வளர்ந்திருக்கிறோம். பெயர் சொல்வது நமக்கு அவமானத்தின் ஞாபகம். அங்கே நீங்களும் சொல்வீர்கள், அவரும் சொல்வார். ஒரு வாரத்தில் பழகிவிடும். வாரத்தில் சில மணி நேரம் மாணவர்களைப் பார்ப்பதற்கென்றே பேராசிரியர்கள் ஒதுக்கி வைத்திருப்பார்கள். படித்த குடும்பத்துப் பிள்ளைகள் முதல் வாரமே போய் உட்கார்ந்துவிடுகிறார்கள். நம் பிள்ளைகள் கூப்பிட்டால் போகலாம் என்று காத்திருக்கிறார்கள். யாரும் கூப்பிட மாட்டார்கள். நீங்களாகப் போங்கள்.

பாகுபாடு நடந்தால் யாரிடம் சொல்வது? பல்கலைக்கழகத்தின் பாகுபாட்டுக்கு எதிரான விதிகளில் 'சாதி' என்ற சொல் இருக்கிறதா என்று போவதற்கு முன்பே பாருங்கள். பிராண்டைஸ் பல்கலைக்கழகம் 2019 டிசம்பரில் சேர்த்தது. 23 வளாகங்கள் கொண்டிருந்த கலிஃபோர்னியா அரசுப் பல்கலைக்கழகம் 2022 ஜனவரியில் அறிவித்தது. சியாட்டில் நகர மன்றம் 2023 பிப்ரவரியில் சட்டமே இயற்றியது. அதே ஆண்டு கலிஃபோர்னியா சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதாவை ஆளுநர் திருப்பி அனுப்பிவிட்டார்; இருக்கிற சட்டமே போதும் என்றார். பிரிட்டனில் 2013இல் நாடாளுமன்றம் சாதியைச் சட்டத்தில் சேர்க்கச் சொன்னது; 2018இல் அரசு கைவிட்டது. ஆனாலும் சில சூழல்களில் சாதி 'இன மூலம்' என்பதற்குள் அடங்கலாம் என்று 2014இல் அங்கே ஒரு வேலைவாய்ப்பு மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் சொல்லியிருக்கிறது. அந்தச் சொல் இல்லாத இடத்தில், வம்சாவளி அல்லது இன மூலம் என்ற தலைப்பில் எழுத்து மூலம் புகார் கொடுங்கள். அலுவலருக்குச் சாதி என்றால் என்னவென்று தெரியாமல் இருக்கலாம். என்ன கேட்டார்கள், என்ன சொன்னார்கள், எந்தத் தேதி என்று நடந்ததை நடந்தபடி எழுதுங்கள். வாட்ஸ்அப் செய்திகளை அழிக்காதீர்கள்.

வாசலில் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறோம். எந்த ஊருக்கு, எந்தத் தேதியில் போகிறீர்கள் என்று எழுதிவிட்டுப் போங்கள். அங்கே ஏற்கெனவே படித்துக்கொண்டிருக்கும் நம் தோழர்களிடம் சொல்லி, முதல் வாரத்துக்காவது இடம் பார்த்துத் தருவோம்.