பேச்சு வலை யாருடையது?

(ஆலத்தியூர் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவின் சுருக்கம்)



கண்ணுக்குத் தெரியாமல் சேதி கடல் கடந்து போகிறதென்றால் நாம் அதிசயப்படுகிறோம். ஆனால் அதை நடத்துகிறவர் யார், அவருக்கு அந்த அதிகாரம் எப்படி வந்தது என்று மாத்திரம் கேட்பதில்லை. இன்று அதைக் கேட்போம்.

1988-ம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில், பின்லாந்து தேசத்து ஓவுலு சர்வகலாசாலையில் ஜார்க்கோ ஓய்காரினென் என்பவர் ஐ.ஆர்.சி. என்னும் பேச்சு வலையை உண்டாக்கினார். அதன் ஏற்பாடு நம் பக்கத்து ஏரிகளைப் போன்றது. ஓர் ஏரித் தண்ணீர் வாய்க்கால் வழியாய் அடுத்த ஏரிக்குப் போவதுபோல, ஒரு சர்வரில் எழுதிய வார்த்தை அடுத்தடுத்த சர்வர்களுக்கு ஓடுகிறது. நடுவில் ஒரு வாய்க்கால் அறுந்தால் வலை இரண்டாய்ப் பிரிந்து, இந்தப் பாதியின் பேச்சு அந்தப் பாதிக்குக் கேளாது. அதைக் கூட்டிவைக்க மந்திரமுமில்லை, யாகமுமில்லை. மனிதன் புத்தியும் மனிதன் காவலுமே வேண்டும். அந்தக் காவலைச் சம்பளமில்லாத தொண்டர்களே பெரும்பாலும் பார்க்கிறார்கள்.

இதனால் யாருக்கு என்ன லாபம்? வங்காளத்துத் துர்காபூர் லினக்ஸ் சங்கத்தார் 2008 முதல் இவ்வலையில் கோடைகால வகுப்பு நடத்தி வந்தார்கள். கட்டணமில்லை. கேள்வி கேட்க விரும்புகிறவன் ஓர் ஆச்சரியக்குறி போட்டுவிட்டுத் தன் முறைக்குக் காத்திருக்க வேண்டும். அவ்வளவுதான். எந்தத் தெரு, யார் மகன், திண்ணையில் ஏற்றலாமா என்ற விசாரணைக்கு அங்கே இடமில்லை. புனைபெயர் ஒன்று போதும்.

ஆனால் சொந்தக்காரன் சங்கதியும் வந்து சேர்ந்தது. பிரீநோட் என்ற பெரிய பேச்சு வலையைத் தொண்டர்கள் பல வருஷங்கள் காத்து வந்தார்கள். அதன் கம்பெனியை வாங்கியிருந்த முதலாளி, வலை தம்முடையதென்றார். அதிகாரத்தைப் பிடுங்குகிறார் என்றார்கள் தொண்டர்கள், அவர் இல்லையென்றார். 2021 மே மாதம் 19-ந் தேதி தொண்டர்கள் கூட்டமாய் விலகி, லிபரா சாட் என்ற புதிய வலையைத் தொடங்கி, அதை ஸ்வீடனில் லாபநோக்கில்லாத சங்கமாக வைத்தார்கள். சில நாட்களில், புதிய வலையின் பெயரைத் தலைப்பில் எழுதிய நூற்றுக்கணக்கான பேச்சு அறைகளைப் பிரீநோட் நிர்வாகம் தன் கைக்கு எடுத்துக்கொண்டது. பலன் என்ன? ஜனங்கள் புதிய இடத்திற்குக் குடிபெயர்ந்தார்கள். பட்டாவும் பெயர்ப்பலகையும் முதலாளியிடம் மிஞ்சின, ஊர் போய்விட்டது!

இதற்காகத் தொண்டனைச் சாமியாக்கிவிடச் சொல்லவில்லை. அறையிலிருந்து ஒருவரை வெளியே தள்ளும் அதிகாரம் அவன் கையிலுமிருக்கிறது. சம்பளம் வாங்காதவனெல்லாம் யோக்கியன் என்பதும் ஒரு மூடநம்பிக்கைதான். கேள்வி கேட்க ஆளில்லாவிட்டால் தொண்டனும் நாளைக்குத் தர்மகர்த்தாவாகி, பரம்பரை பாத்தியதை பேசுவான்.

ஆகவே தோழர்களே, நம் வாலிபர்களும் பெண்களும் இவ்வலையில் பேசுவதோடு நின்றுவிடாமல், அதை நடத்தும் வேலையையும் கற்றுக்கொள்ள வேண்டும். வேலை தெரியாதவன் கும்பிடத்தான் முடியும். வேலை தெரிந்தவன்தான் கணக்குக் கேட்க முடியும்.