கேப்புக்கு ஆயுசு எத்தனை?

(முன்னாள் மாணவர் சங்க ஒன்றுகூடலில் பல் மருத்துவரான நம் உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை. பேசியபடியே பெரும்பாலும் தரப்பட்டுள்ளது.)



செயலாளர் போன் பண்ணி, "ஏதாவது பிரயோஜனமா பேசு, இருபது நிமிஷம்தான், அடுத்தது சாப்பாடு" என்றார். சாப்பாட்டுக்கு முன்னால் பல் டாக்டரைப் பேச விட்டவர் விவரமானவர்தான்.

நான் இந்த மன்னர் கல்லூரியில் 1976-77-ல் பி.யூ.சி. படித்தவன். பிறகு பி.டி.எஸ். படிக்க மெட்ராஸுக்குப் போனேன். அன்றைக்கு அரசு பல் மருத்துவக் கல்லூரி என்றால் தமிழ்நாட்டிலேயே அந்த ஒன்றுதான். 2023-லிருந்து நம் புதுக்கோட்டையிலேயே ஓர் அரசு பல் மருத்துவக் கல்லூரி நடக்கிறது. இந்தக் கல்லூரியில் 1904-ல் ஒரே பெண்ணாகச் சேர்ந்து படித்துவிட்டு மெட்ராஸுக்கு டாக்டருக்குப் படிக்கப் போனாரே முத்துலட்சுமி ரெட்டி அம்மையார், அவரிலிருந்து எண்ணிப் பாருங்கள், இந்த ஊர் எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்று தெரியும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இங்கே முன்வரிசையில் இருக்கிற என் செட் ஆட்களில் பாதிப் பேர் வாயில் ஒரு கேப்பாவது இருக்கும். சிலருடையது நான் போட்டது. கேப் போட்டு முடித்ததும் எல்லோரும் கேட்கிற ஒரே கேள்வி, "இது எத்தனை வருஷம் வரும் டாக்டர்?" இதற்குப் பதில் சொல்லத்தான் இன்றைக்கு வந்திருக்கிறேன். ஏனென்றால் ஒரு முறை இந்தக் கேள்விக்குத் தப்பான பதில் சொல்லிவிட்டேன்.

அது 1992. எனக்குப் பாடம் எடுத்த தமிழாசிரியர் ஒருவர், அப்போதே ஓய்வு பெற்றுவிட்டவர், என் கிளினிக்குக்கு வந்தார். பெயர் சொல்லவில்லை, அவர் இன்று இல்லை. கீழ்க் கடைவாய்ப் பல் ஒன்று பெரிய சொத்தை. வேர் சிகிச்சை செய்து, உள்ளே உலோகமும் மேலே பீங்கானுமாக ஒரு கேப் போட்டேன். கண்ணாடியில் பார்த்துவிட்டு, "எத்தனை வருஷம் வரும் தம்பி?" என்றார். என் வாத்தியாருக்கே வைத்தியம் பார்த்துவிட்ட பெருமிதம் எனக்கு. "இனிமே உங்க ஆயுசுக்கும் கவலையில்லை ஐயா" என்றேன்.

1998-ல் மறுபடி வந்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். உள்ளே அந்தக் கேப். ஒரு கல்யாண வீட்டில் சாப்பிடும்போது கழன்றுவிட்டதாம். கேப்பில் ஒரு கீறல் இல்லை. ஆனால் வாயைத் திறந்து பார்த்தால் பல் நின்ற இடத்தில் கறுத்துப்போன, விரலால் தொட்டால் உதிர்கிற ஒரு கட்டை. எடுப்பதைத் தவிர வழியில்லை. எடுத்து முடித்து, பஞ்சைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர், கொஞ்ச நேரம் கழித்துப் பஞ்சைத் துப்பிவிட்டு, "ஆயுசுன்னு சொன்னியேப்பா, அது யாரோட ஆயுசு?" என்று கேட்டார். கோபமாகக்கூட இல்லை. இலக்கண வகுப்பில் எழுவாய் எது என்று கேட்பாரே, அப்படித்தான் கேட்டார்.

அந்தக் கேப்பை அவரிடம் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டேன். இதோ இந்தச் சின்ன டப்பாவில் இருக்கிறது. சுற்றுக்கு விடுகிறேன், பாருங்கள். இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆகியும் பளபளப்பு குறையவில்லை.

கேப் என்பது உலோகமும் பீங்கானும்தானே, அதற்குச் சொத்தை வராது. அது உட்கார்ந்திருக்கிற பல்லுக்கு வரும். கேப்பின் விளிம்பும் பல்லும் சேருகிற இடத்தில் ஈறை ஒட்டி ஒரு கோடு இருக்கிறது. அந்தக் கோட்டில் இருப்பது மயிரிழை கனத்தில் கொஞ்சம் சிமெண்ட்தான். விளிம்பு சரியாகப் படியாமல் துருத்திக்கொண்டிருந்தால் சோறும் அழுக்கும் அங்கே தங்கும். கிருமி இனிப்பைத் தின்று அமிலம் விடும். சிமெண்ட் கரையும், பல் அரிக்கும். வேர் சிகிச்சை செய்த பல்லில் நரம்பு இல்லை. அதனால் உள்ளே முழுக்கச் செல்லரித்தாலும் கூசாது, வலிக்காது. வலி இல்லை என்றால் நம் ஊரில் யாரும் டாக்டரிடம் போகமாட்டோம். என் ஆசிரியர் ஆறு வருஷம் வராததற்கும் அதுதான் காரணம். வரச் சொல்லி நானும் சொல்லவில்லை.

நான் செய்த இன்னொரு தப்பையும் சொல்லிவிடுகிறேன். உலக்கை நுனியில் பூண் போட்டிருக்கிறதல்லவா? கட்டையைச் சுற்றி இறுக்கிப் பிடிக்கிற அந்த வளையம் இல்லாவிட்டால் நாலு குத்தில் உலக்கை பிளந்துவிடும். கேப்பின் வேலையும் அதுதான். அது பிடிக்க வேண்டுமானால் ஈறுக்கு மேலே நல்ல பல் சுற்றிலும் 2 மில்லிமீட்டராவது நிற்க வேண்டும். என் ஆசிரியர் பல்லில் ஒரு பக்கம் அது இல்லை. உள்ளே ஊசி வைத்து, சிமெண்ட் நிரப்பி, கட்டையை வளர்த்துக் கேப் போட்டுவிட்டேன். பூண் மரத்தைப் பிடிக்கவில்லை, மண்ணைப் பிடித்திருந்தது. இந்தப் பல்லுக்கு ஆயுசு குறைவு என்று அன்றைக்கே அவரிடம் சொல்லியிருக்க வேண்டும்.

பொதுவான கணக்கைக் கேட்டால், உலோகத்தின் மேல் பீங்கான் போட்ட கேப் 5 வருஷம் கழித்துப் பார்க்கும்போது நூற்றுக்குச் சுமார் 95 நிற்கிறது என்று பல ஆய்வுகளைத் தொகுத்துச் சொல்லியிருக்கிறார்கள். 10, 15 வருஷம் சாதாரணமாக வரும். 20 தாண்டியதும் உண்டு.

எந்தப் பொருளில் போடுவது என்பது அடுத்த கேள்வி. என் பெரியப்பா மலேயாவிலிருந்து வந்தவர், அவர் சிரித்தால் தங்கப்பல் மின்னும். அவர் காலமாகிற வரை அது அசையவில்லை. தங்கம் விளிம்பில் நன்றாகப் படியும், உடையாது, எதிர்ப்பல்லையும் தேய்க்காது. (எல்லாத் தங்கப்பல்லும் அப்படி என்று நினைக்க வேண்டாம். வெறும் அழகுக்குத் தகடு மாட்டிக்கொண்டு ஈறைக் கெடுத்துக்கொண்டவர்களும் இருந்தார்கள்.) அமெரிக்காவில் டாகர்ட் என்ற பல் டாக்டர் 1907-ல் மெழுகில் அச்சு செய்து, அதை உருக்கி வெளியேற்றி, அந்த இடத்தில் தங்கத்தை வார்க்கும் முறையைப் பல் வைத்தியத்துக்குப் பிரபலமாக்கினார். நம் திருக்கோகர்ணம் மியூசியத்தில் நிற்கிற செப்புத் திருமேனிகள் பிறந்ததும் அதே மெழுகு வார்ப்பில்தான். ஸ்தபதிகள் பல் டாக்டராகாதது நம் துரதிர்ஷ்டம்.

தங்கம் விற்கிற விலையில் இன்று அதை யாரும் கேட்பதில்லை. சாதா உலோகக் கேப் பார்வைக்கு அழகில்லை, ஆனால் பல்லை அதிகம் செதுக்க வேண்டாம், கடைவாய்க்கு நன்றாக உழைக்கும். பீங்கான் போட்டதில் பீங்கான் மட்டும் சில்லுப் பெயரலாம். இப்போது எல்லோரும் கேட்பது ஜிர்கோனியா. கம்ப்யூட்டரில் அளவெடுத்து மெஷினில் கடைந்து எடுக்கிறார்கள், உறுதியானது, நிறமும் பல் போலவே. அதற்கு ஒரு வாரண்டி கார்டும் தருகிறார்கள், 5 வருஷம், 10 வருஷம், 15 வருஷம் என்று. அந்தக் கார்டைத்தான் ஜனங்கள் பத்திரமாக பீரோவில் வைக்கிறார்கள். தயவுசெய்து அதை ஒரு தடவை எடுத்து வாசியுங்கள். வாரண்டி கேப்புக்கு. கீழே இருக்கிற பல்லுக்கு எந்தக் கம்பெனியும் கார்டு தராது. என் ஆசிரியர் கேட்ட கேள்வி அந்தக் கார்டைப் பார்க்கும்போதெல்லாம் என் காதில் விழும்.

இனி, போட்டுக்கொண்ட பிறகு நாம் செய்கிற கொடுமைகள். கடைவாயில் முழு பலத்தோடு கடித்தால் 50, 60 கிலோ எடை இறங்கும். அதில் நல்லி எலும்பை உடைக்கிறோம், கொட்டைப் பாக்கை உடைக்கிறோம், சோடா மூடியைத் திறக்கிறோம். தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிக்கிறவர்கள் இன்னொரு கூட்டம். அவர்களுக்கே அது தெரியாது, வீட்டு அம்மாவைக் கேட்டால் தெரியும். அவர்களுக்கு எந்தக் கேப்பும் பாடுதான். இரவில் மாட்டிக்கொள்ள ஒரு தட்டு செய்து தருவோம், அதை மாட்டிக்கொண்டால் கேப்பும் பிழைக்கும், மற்ற பல்லும் பிழைக்கும்.

வெற்றிலை பாக்கு போடுகிறவர்களுக்குத் தனியாக ஒன்று. பாக்கு பல்லையும் கேப்பையும் தேய்க்கிறது என்பது சின்ன விஷயம். பாக்கும் புகையிலையும் புற்றுநோய் தரும் என்பதில் சந்தேகமே கிடையாது. முத்துலட்சுமி அம்மையார் 1954-ல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கினார்கள், இத்தனை வருஷம் கழித்தும் வாய்ப் புற்றுநோய் நம்மை விடவில்லை. உடைந்த கேப்பின் கூர் கன்னத்தைக் குத்திப் புண்ணாக்கினால், பழகிப்போகும் என்று விடாதீர்கள். இரண்டு வாரத்தில் ஆறாத எந்தப் புண்ணையும் காட்டிவிடுங்கள்.

செங்கல் பொடி, கரி, உப்பு, கரகரப்பான சிவப்புப் பல்பொடி இவற்றால் தேய்த்தால் ஈறு இறங்கிய இடத்தில் வேர் பள்ளமாகத் தேயும், அதுவும் நான் சொன்ன அந்தக் கோட்டுக்குப் பக்கத்திலேயே. மெத்தென்ற பிரஷ் போதும். கேப்புக்கும் பக்கத்துப் பல்லுக்கும் நடுவில் நூலோ சின்ன பிரஷ்ஷோ ராத்திரி ஒரு தடவை விட வேண்டும். சுகர் இருக்கிறவர்களுக்கு ஈறு சீக்கிரம் கெடும், எலும்பு கரையும். கேப் நன்றாக இருக்கும், பல் ஆடும்.

இளம் பிள்ளைகளுக்கு ஒன்று. வேர் சிகிச்சை முடிந்ததும் வலி போய்விடும், கேப்புக்குப் பணம் வேண்டுமே என்று செமஸ்டர் செமஸ்டராகத் தள்ளிப்போடுகிறீர்கள். அமெரிக்காவில் 2002-ல் வெளிவந்த ஓர் ஆய்வில், வேர் சிகிச்சைக்குப் பின் கேப் போடாத பற்கள், போட்ட பற்களைவிட 6 மடங்கு வேகத்தில் பறிபோயிருக்கின்றன. ஒரு நாள் பொரிகடலை கடிக்கும்போது கடைவாய்ப் பல் நடுவில் பிளந்துகொண்டு வருவார்கள், வருஷத்துக்குப் பத்துப் பேராவது பார்க்கிறேன். பணம் இல்லையென்றால் உலோகக் கேப் போதும், அரசு ஆஸ்பத்திரியில் கேளுங்கள்.

கேப் கழன்றால் தூக்கிப் போடாதீர்கள், டப்பாவில் போட்டு அன்றைக்கோ மறுநாளோ கொண்டுவாருங்கள். உள்ளே பல் நன்றாக இருந்தால் சுத்தம் செய்து அதையே ஒட்டிவிடலாம். கடையில் விற்கிற பசையை வைத்து நீங்களே ஒட்டிக்கொள்ளக் கூடாது. ஒருத்தர் ஒட்டி, கேப்போடு நாக்கும் ஒட்டிக்கொண்டு ராத்திரி பதினோரு மணிக்கு வந்தார்.

என் ஆசிரியருக்குப் பிறகு நான் யாருக்கும் "ஆயுசுக்கும்" என்று சொன்னதில்லை. கேப் ஒட்டுவதற்கு முன்பே எக்ஸ்ரேயைக் காட்டி, எவ்வளவு பல் மிச்சம் இருக்கிறது, விளிம்பு எங்கே நிற்கிறது என்று சொல்லிவிடுகிறேன். 6 மாதத்துக்கு ஒரு தடவை வரச் சொல்லி நோட்டில் தேதி எழுதிக்கொடுக்கிறேன். பாதிப் பேர் வருகிறார்கள்.

சாப்பாட்டு மணி அடித்துவிட்டதாகச் செயலாளர் கையைக் காட்டுகிறார். டார்ச் லைட்டும் கண்ணாடியும் கொண்டுவந்திருக்கிறேன். சாப்பிட்டு வாய் கொப்பளித்துவிட்டுப் பக்கத்து வகுப்பறைக்கு வந்தால், கேப் போட்டவர்கள் எல்லோருக்கும் அந்தக் கோட்டை மட்டும் பார்த்துச் சொல்கிறேன். கடைசி வரிசையில் அந்த டப்பா யாரிடம் இருக்கிறதோ, அவர் வரும்போது மறக்காமல் கொண்டுவந்து கொடுத்துவிடுங்கள்.