கல்லின் மேல் மணல்



பழங்கட்டடத்தைத் தூய்மை செய்வது புதிதாகக் கட்டுவதினும் அரிய வேலை என்று நான் சொன்னால் நீங்கள் நகைக்கக்கூடும். அழுக்கைத் துடைப்பதில் என்ன அருமை என்பீர்கள்.

வேங்கிக்காலில் வாழும் என்னைப் போன்றோர்க்கு அண்ணாமலையார் கோயில் அடுத்த வீடு போன்றது. அதன் சுவர்களைக் கல்லாலான ஏடுகள் என்றே சொல்லலாம். பதினான்காம் நூற்றாண்டில் இவ்வூரில் தங்கி அரசாண்ட வல்லாள மன்னன் காலத்துச் செய்திகளும் கல்வெட்டுகளாகவே நமக்குக் கிடைத்திருக்கின்றன. அவ்வெழுத்தின் ஆழம் சில மில்லிமீட்டரே. இதனை மனத்திற் கொண்டு மேலே கேளுங்கள்.

1870ஆம் ஆண்டில் அமெரிக்கரான பெஞ்சமின் டில்மன் என்பார் ஒரு பொறிக்கு உரிமம் பெற்றார். காற்றையோ நீராவியையோ அழுத்தி, அதன் விசையால் மணலை வீசும் பொறி அது. துருவேறிய இரும்புக்கு அது நல்ல மருந்து. பின்னாளில் தமிழ்நாட்டுத் திருப்பணிகளில் தூண்கள் மீதும் அதனைப் பாய்ச்சினர். தலைமுறை தலைமுறையாக அடித்த சுண்ணாம்பு ஒரே நாளில் உதிர்ந்தது, கல் புதிதுபோற் பொலிந்தது, ஊரார் மகிழ்ந்தனர். நான் அறிந்த ஒரு சிற்றூர்க் கோயிலில், வேலை முடிந்தபின் தாங்குதளத்தில் ‘ஸ்வஸ்தி ஸ்ரீ’ என்னும் தொடக்கத்தைத் தவிர வேறெதுவும் படிக்க இயலவில்லை. கொடுத்தவன் யார், கொடுத்தது எவ்வளவு நிலம் என்பதெல்லாம் தூசியோடு பறந்துவிட்டன. ஊர்ப்பெயரை இங்குக் கூற விரும்பவில்லை.

ஏன் இவ்வாறு நேர்ந்தது? கனிமங்களின் கடினத்தை ஒன்று முதல் பத்து வரை அளப்பது வழக்கம். நம் நகம் இரண்டரை, சுண்ணாம்பு மூன்று, கருங்கல்லிலுள்ள ஃபெல்ஸ்பார் ஆறு, மணலாகிய குவார்ட்சு ஏழு. ஏழு வந்து மோதினால் மூன்று மட்டுமா உதிரும்? ஆறும் உதிரும்! எழுத்தின் விளிம்பு மழுங்கும். ஈரத்தாளை ஒற்றி மை தடவிப் படியெடுப்பவர்க்குக் கூர்மையான விளிம்பே உயிர். அன்றியும், சொரசொரப்பான கல்லில் நீரும் பாசியும் எளிதில் தங்கும். செங்கல்லுக்கோ இன்னும் கேடு. சூளையில் வெந்த மேற்றோல் போனால் உள்ளிருக்கும் மென்பகுதி மழையைக் குடிக்கும். மரத்தில், ஆண்டு வளையங்களின் மென்பகுதி முந்தித் தேய்ந்து, கடினப் பகுதி வரம்புபோல் எழுந்து நிற்கும், நுண்சிற்பம் சிதையும்.

வேலை செய்வோர் நுரையீரலையும் மறவாதீர்கள். குவார்ட்சுத் தூள் உள்ளே சென்றால் திரும்பாது.

இனி, மென்மையான முறையும் உண்டு. அழுத்தத்தை மிகக் குறைத்து, கால்சியம் கார்பனேட்டுப் பொடியையோ அரைத்த வாதுமை ஓட்டையோ பயன்படுத்துவர். காற்றோடு சிறிது நீரையும் கலந்து சுழலவிட்டால், துகள் நேரே குத்தாமல் சாய்வாக உரசிச் செல்லும். பொடி கல்லினும் மெலிதாக இருத்தல் வேண்டும் என்பதே விதி. கருங்கல்லில் இது கைகூடும். மணற்கல்லிலும் தேக்குச் செதுக்கலிலும் இடைவெளி குறைவாதலின், மறைவான மூலையொன்றில் சோதித்துப் பார்க்காமல் கைவைத்தலாகாது. எழுத்துள்ள இடத்தில் இதுவும் வேண்டாம் என்பது என் கருத்து. ஈரக்காகிதக் கூழை அப்பிச் சுண்ணாம்பை இளக்கி, மூங்கிற் குச்சியாலும் மென்தூரிகையாலும் எடுப்பதே அங்குத் தக்கது. நாட்கள் பல ஆகும், ஆகட்டுமே.

தஞ்சைப் பெரிய கோயிலில் 1931ஆம் ஆண்டு எஸ். கே. கோவிந்தசாமி என்பார் நாயக்கர் கால ஓவியத்தின் அடியில் சோழர் ஓவியம் மறைந்திருப்பதைக் கண்டார். அவருக்கு முன்னே மணற்பொறி அங்கு நுழைந்திருந்தால்?

மணல்வீச்சைத் திருப்பணிகளில் தடுக்கும் ஆணைகள் பின்னர்ப் பிறந்தன. 2021ஆம் ஆண்டு சூன் திங்களில் சென்னை உயர்நீதிமன்றம் பழங்கோயில்களையும் சின்னங்களையும் காக்க 75 கட்டளைகளை வழங்கியது. ஆயினும், எந்தச் சுவரில் எழுத்துண்டு என்று அவ்வூரார்க்கே தெரியாவிடில் ஆணை என் செய்யும்?

விடுமுறையில் உங்கள் ஊர்க் கோயிலுக்கு மாலை வேளையிற் செல்லுங்கள். சாய்ந்த வெயிலில் எழுத்துகள் நிழலோடு எழுந்து தோன்றும். கைவிளக்கைச் சுவரோரம் பக்கவாட்டிற் பிடித்தாலும் அவ்வாறே. கண்டவற்றை நிழற்படம் எடுத்து, இடத்தையும் நாளையும் குறித்துப் பள்ளியில் ஒரு படி வையுங்கள்.