துறைமுக நகரின் சுகாதாரமும் நம் முன்னோர்களும்

(பொன்விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

 

பொன்விழா மேடையில் தண்ணீரையும் சாக்கடையையும் தொற்றுநோயையும் பற்றிப் பேச வந்திருக்கிறோம். விழாவுக்கு ஏற்ற தலைப்பா என்று சிலருக்குத் தோன்றலாம். ஆனால் நம் பாட்டனார்கள் கப்பலில் வந்து சேர்ந்தபோது அவர்களை முதலில் எதிர்கொண்ட அரசாங்கம் துறைமுகச் சுகாதார அதிகாரிதான். ஆகவே இதுவும் நம் குடும்பக் கதைதான்.

முதலில் தண்ணீர். பழைய சிங்கப்பூரில் மக்கள் கிணற்றையும் ஊற்றையும் நம்பியே வாழ்ந்தார்கள். மாட்டு வண்டியில் தண்ணீர் கொண்டுபோய் விற்றார்கள். கிரேத்தா ஆயர் என்ற பெயருக்கே மலாய் மொழியில் தண்ணீர் வண்டி என்றுதான் பொருள். நகரத்துக்கு நல்ல தண்ணீர் வரட்டும் என்று 1857இல் டான் கிம் செங் என்ற சீன வணிகர் 13,000 வெள்ளி கொடுத்தார். தாம்சன் சாலைப் பக்கம் நீர்த்தேக்கம் கட்டி முடிக்க 1868 ஆகிவிட்டது. குழாய் வழியாகத் தண்ணீர் நகரத்துக்குள் வந்தது 1870களின் பிற்பகுதியில்தான். பணம் கொடுத்தவர் அதைப் பார்க்கவில்லை, 1864இலேயே காலமாகிவிட்டார். 1882இல் நகராட்சி அவர் நினைவாக ஒரு நீரூற்றை எழுப்பியது. இன்றும் எஸ்பிளனேட் பூங்காவில் அதைப் பார்க்கலாம். ஒரு தனி மனிதர் கொடை கொடுத்த பிறகும் குழாயைப் போட ஓர் அரசுக்கு 20 ஆண்டுகள் பிடித்தன என்பதையும் அந்த நீரூற்று நமக்குச் சொல்கிறது.

அடுத்தது வீடு. 1887ஆம் ஆண்டின் நகராட்சிச் சட்டத்திற்குப் பிறகு, சுகாதாரத்திற்கென்று தனி அதிகாரியும் ஆய்வாளர்களும் வந்தார்கள். கிணறுகளைச் சோதித்தார்கள், கெட்டவற்றை மூடினார்கள். ஆனால் நகரத்தில் மரணம் குறையவில்லை. 1906இல் டாக்டர் சிம்சன் என்பவரை வரவழைத்து ஆய்வு செய்யச் சொன்னார்கள். அவர் கல்கத்தாவில் சுகாதார அதிகாரியாக இருந்தவர். 1907இல் அவருடைய அறிக்கை வெளிவந்தது. நம்மவர்கள் பலர் தங்கியிருந்த கடைவீடுகளின் அமைப்பையே அவர் குறையாகக் கண்டார். முன்பக்கம் குறுகல், உள்ளே நீளம், பின்னால் வழியே கிடையாது. மாடியைப் பலகை வைத்துத் தடுத்துச் சன்னல் இல்லாத அறைகளாக்கி வாடகைக்கு விட்டிருந்தார்கள். வெயிலும் காற்றும் எட்டாத அந்த அறைகளில் காசநோய் குடிகொண்டது. பின்வழி இல்லாததால் மலவாளியைக்கூட வீட்டுக்குள்ளாகவே, வாசல் வழியாகத்தான் தூக்கிப் போக வேண்டியிருந்தது.

வீடுகளுக்குப் பின்னால் சந்து வெட்ட வேண்டும் என்றார் சிம்சன். இன்று சிராங்கூன் சாலைப் பக்கமும் தஞ்சோங் பகார் பக்கமும் நாம் குறுக்கு வழியாக நடந்துபோகும் பின்சந்துகள் பலவும் அந்த யோசனையிலிருந்து பிறந்தவையே. ஆனால் சந்து வெட்டினால் சிலருடைய அறை இடிபடும். அவர்கள் எங்கே போவார்கள் என்ற கேள்விக்கு விடை மெதுவாகத்தான் வந்தது. சிங்கப்பூர் மேம்பாட்டு அறநிதி 1927இல்தான் அமைந்தது. வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் 1960இல் வந்தது. மலவாளி முறை முழுமையாக ஒழிந்தது 1987இல். அதுவரை ஒவ்வொரு நாளும் யாரோ ஒருவர் அந்த வாளியைத் தூக்கினார். வாய்க்கால் வெட்டவும் தெருக் கூட்டவும் நகராட்சி அமர்த்திய கூலிகளில் பெரும்பாலோர் தமிழர்கள். நகரத்தைச் சுத்தமாக வைத்திருந்த கைகள் அவர்களுடையவை.

மூன்றாவது, செயின்ட் ஜான்ஸ் தீவு. 1873இல் வாந்திபேதி பரவியதைத் தொடர்ந்து 1874இல் அங்கே தொற்றுத் தடுப்பு நிலையம் தொடங்கப்பட்டது. நாகப்பட்டினத்திலிருந்தும் சென்னையிலிருந்தும் கப்பலின் மேல்தளத்தில் பாய் விரித்து வந்தவர்களை அந்தத் தீவில் இறக்கினார்கள். குளிக்க வைத்தார்கள். துணிமணியை ஆவியில் வைத்துக் கிருமி நீக்கினார்கள். ஹஜ் கடமையை முடித்துத் திரும்பியவர்களும், மனைவி மக்களைப் பார்க்குமுன் அங்கே காத்திருந்தார்கள். நகரத்தைக் காக்க இது தேவைப்பட்டது என்பதை நாம் மறுக்கவில்லை. தீவுக் காவலால் எத்தனையோ பேர் பிழைத்திருப்பார்கள். ஆனால் கேபினில் வந்தவருக்கு ஒரு நடைமுறை, மேல்தளத்தில் வந்தவருக்கு இன்னொரு நடைமுறை. கிருமிக்குப் பயணச்சீட்டின் வகுப்பு தெரியாது, அதிகாரிகளுக்குத் தெரிந்திருந்தது.

இந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் ஒன்று விளங்கும். அக்கால அறிக்கைகளில் நோய்க்குக் காரணமாக ஆசிய மக்களின் பழக்கவழக்கங்கள் திரும்பத் திரும்பப் பேசப்படுகின்றன. ஐந்து வேளை ஒளுச் செய்து பழகிய மனிதருக்குச் சுத்தத்தின் அருமையை யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. அவருக்கு வேண்டியிருந்தவை குழாயும் சன்னலும் வடிகாலும்தான். அவை வந்த பிறகு அதே மக்களின் பிள்ளைகள் நோயின்றி வளர்ந்தார்கள். பழக்கம் ஒன்றுதான் காரணம் என்றால் இது எப்படி நடந்திருக்கும்?

இதைப் பழங்கதையாக விட்டுவிட முடியாது. 2020இல் கோவிட் தொற்று ஊழியர் விடுதிகளில் வேகமாகப் பரவியபோது, அங்கே இருப்பவர்களின் பழக்கம் சரியில்லை என்று பேசியவர்கள் இருந்தார்கள். ஓர் அறையில் எத்தனை கட்டில், எத்தனை பேருக்கு ஒரு கழிவறை என்ற கேள்வி பின்னால்தான் வந்தது. நம் பாட்டனாரைப் பற்றி எழுதப்பட்டதையே இன்னொரு தாயின் பிள்ளையைப் பற்றி நம் வாயால் சொல்லலாமா? நம் சங்கத்துப் பிள்ளைகளிடம் நாம் கேட்டுக்கொள்வது இதைத்தான்.

பெரியவர்களிடம் இன்னொரு வேண்டுகோள். அரசாங்கத்தின் ஏடுகளில் நம் முன்னோர் எண்ணிக்கையாக மட்டுமே இருக்கிறார்கள். பெயர்கள் நம் வீடுகளில் இருக்கின்றன. எந்தக் கப்பலில் வந்தார், தீவில் எத்தனை நாள் இருந்தார், எந்தத் தெருவில் எந்தக் கடை மாடியில் எத்தனை பேரோடு படுத்தார், தண்ணீர் எங்கிருந்து எடுத்தார் என்று நினைவுள்ளவரை எழுதிக் கொடுங்கள். எழுத முடியாதவர்கள் பேரப்பிள்ளைகளிடம் சொல்லுங்கள். அவர்கள் கைப்பேசியில் பதிவு செய்யட்டும். சொல்லக்கூடியவர்கள் ஆண்டுக்கு ஆண்டு குறைந்து வருகிறார்கள். அடுத்த விழா வரை காத்திருக்க வேண்டாம்.