பஞ்சிங் மெஷினும் 0.3 வினாடியும்

(முன்னாள் மாணவர் சங்கக் கூடுகையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



“கனரக இயந்திரங்களை மேம்படுத்துவது பற்றி ஏதாவது பேசு” என்று சங்கச் செயலாளர் சொன்னார். பெரிய தலைப்பு. எனக்குத் தெரிந்தது சிவகாசிப் பக்கத்து அட்டைப்பெட்டி மெஷின்கள்தான். அதிலும் ஒரே ஒரு மெஷினைப் பற்றித்தான் பேசப் போகிறேன். அதை நான் இரண்டு தடவை மேம்படுத்தினேன். முதல் தடவை செய்தது தப்பு. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

பெட்டிக் கம்பெனிக்குள் போகாதவர்களுக்காக ஒரு சின்ன விளக்கம். தீபாவளிக்கு வாங்கும் பட்டாசு கிஃப்ட் பெட்டியைப் பிரித்து மேஜை மேல் விரித்துப் பாருங்கள். ஓரமெல்லாம் வெட்டு, மடிக்கிற இடமெல்லாம் அழுத்தின கோடு. இந்த இரண்டும் ஒரே அடியில் விழுகின்றன. பலகையில் சன்னமாகப் பள்ளம் அறுத்து, அதில் எஃகுப் பட்டைகளைச் செருகியிருப்பார்கள். இதுதான் டை. வெட்டுகிற பட்டையின் உயரம் பொதுவாக 23.8 மில்லிமீட்டர். மடிப்புக் கோடு போடுகிற பட்டை முனை மழுங்கியது, உயரம் அதைவிடக் கொஞ்சம் குறைச்சல். இந்த யோசனை பிறந்தது ஒரு விபத்தில் என்று சொல்வார்கள். 1879-இல் நியூயார்க்கில் ராபர்ட் கெய்ர் என்பவரின் அச்சகத்தில் காகிதப் பைகளை அச்சடிக்கும்போது, மடிப்புக் கோடு போட வேண்டிய உலோகப் பட்டை இடம் மாறிப் பைகளை வெட்டிவிட்டதாம். மற்றவராக இருந்தால் ஆளைத் திட்டியிருப்பார். வெட்டையும் மடிப்பையும் ஒரே அச்சில் வைத்தால் என்ன என்று அவர் யோசித்தார்.

இந்த டையைச் செங்குத்தாக ஒரு பக்கம் பூட்டி, எதிர்ப்பக்கம் கனமான இரும்புத் தட்டு வந்து மோதினால், அதுதான் நம் ஊரில் ‘பஞ்சிங் மெஷின்’. புத்தகம் போலத் திறந்து மூடும். மூடுவதற்குள் ஒரு ஆள் வெட்டிய அட்டையைக் கையால் எடுத்து, புது அட்டையை வைக்க வேண்டும். நிமிடத்துக்கு 20, 25 தடவை, எட்டு மணி நேரம்.

இனி என் கதை. 2017 செப்டம்பர். தீபாவளிக்கு ஒரு மாதம்தான் இருக்கிறது, ஆர்டர் மலை போல் கிடக்கிறது. நான் அந்தக் கம்பெனியில் பராமரிப்பு இன்ஜினியர். (பெயர் வேண்டாம்.) “தம்பி, இந்த மெஷின் கொஞ்சம் வேகமா ஓடாதா?” என்று முதலாளி கேட்டார். அதற்கென்ன, மோட்டார் புல்லி 4 அங்குலம் இருந்தது, 5 அங்குலம் மாட்டினேன். நிமிடத்துக்கு 20 என்பது 25 ஆனது. செலவு ஒரு புல்லியும் ஒரு பெல்ட்டும். முதலாளி என் தோளில் தட்டிக் கொடுத்தார். எனக்கும் பெருமைதான்.

பதினோராம் நாள் சாயங்காலம் அந்த மெஷின்மேனின் வலது கையில் இரண்டு விரல் போயிற்று.

ஆஸ்பத்திரியில் அவர் என்னைப் பார்த்து, “என் தப்புதான் சார், கைய எடுக்க லேட்டாயிருச்சு” என்றார். விசாரிக்க வந்தவர்களிடமும் அதையேதான் சொன்னார். அன்றிரவு நான் தாளை எடுத்து வைத்துக் கணக்குப் போட்டேன். இரண்டாம் ஆண்டு மாணவர் யாரும் போடக்கூடிய கணக்கு. நிமிடத்துக்கு 20 என்றால் ஒரு சுற்றுக்கு 3 வினாடி. அதில் ஏறத்தாழப் பாதி, 1.5 வினாடி, வாய் திறந்திருக்கும். 25 ஆக்கினால் சுற்றுக்கு 2.4 வினாடி, வாய் திறந்திருப்பது 1.2. அவர் கையிடமிருந்து 0.3 வினாடியை நான் எடுத்துக்கொண்டேன். புல்லியை மாற்றும்போது இந்தக் கழித்தல் எனக்குத் தோன்றவில்லை.

இன்னொரு கணக்கும் உண்டு. பிளைவீலை 400 கிலோ, 50 சென்டிமீட்டர் ஆரம் உள்ள திண்ணிய வட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். அது நிமிடத்துக்கு 160 சுற்று சுற்றும்போது உள்ளே இருக்கிற ஆற்றல் சுமார் 7,000 ஜூல். 200 சுற்றில் சுமார் 11,000. வேகத்தில் கால் பங்குதான் கூட்டினேன், ஆற்றல் ஒன்றரை மடங்குக்கு மேல் கூடிவிட்டது. 11,000 ஜூல் என்றால் ஒரு டன் எடையை ஒரு மீட்டருக்கும் மேலான உயரத்திலிருந்து போடுவதற்குச் சமம். கத்திக்கொண்டே ஓடிப் போய் மோட்டார் சுவிட்சை அணைத்தால் அது நிற்குமா?

அந்த மெஷினில் இருந்தது சாவி கிளட்ச். மிதியை மிதித்தால் சாவி விழும், தண்டும் பிளைவீலும் ஒன்றாகப் பூட்டிக்கொள்ளும். ஒரு முழுச் சுற்று முடியும் வரை எந்தச் சாமி வந்தாலும் நிறுத்த முடியாது. நல்ல காலமாக பழைய புல்லியை மறுநாளே மாட்டிவிட்டேன். அது பரிகாரம் ஆகாது என்பது வேறு விஷயம்.

பிறகு எல்லா இன்ஜினியரும் செய்வதை நானும் செய்தேன்: கார்டு போட்டேன். தட்டு மூடும்போது கூடவே எழும்பி வந்து கையை வெளியே தள்ளுகிற ஒரு கம்பிச் சட்டம். 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 21-ஆம் பிரிவே ஆபத்தான பாகங்களுக்கு வேலி போடச் சொன்னது. நானும் போட்டாயிற்று என்று நிம்மதியாக இருந்தேன். இரண்டு வாரம் கழித்துப் போய்ப் பார்த்தால், அந்தச் சட்டத்தைக் கட்டுக்கம்பியால் இழுத்து மேலே கட்டி வைத்திருக்கிறார்கள். எனக்கு வந்த கோபத்தைச் சொல்ல முடியாது.

“ஏன்யா கட்டுனீங்க?”

“அது கைய இடிக்குது சார். நாளைக்கு இத்தனை உருப்படினு கணக்கு இருக்குல்ல?”

கார்டைக் கழற்றுகிற தொழிலாளியைத் திட்டி நிறையப் பேர் பேசக் கேட்டிருக்கிறேன். நானும் திட்டியிருக்கிறேன். ஆனால் ஒரு மனிதன் தன் விரலைக் காப்பாற்றும் பொருளைத் தானே கட்டி வைக்கிறான் என்றால், அதை வடிவமைத்தவன் ஏதோ ஒன்றைப் பார்க்கவில்லை என்றுதான் அர்த்தம். என்ன பார்க்கவில்லை என்று எனக்குச் சொன்னவர் அந்த மெஷின்மேன்தான். கை ஆறி, பசைப் பிரிவில் வேலைக்குத் திரும்பியிருந்தார். டீ குடிக்கும்போது கேட்டேன். “சார், அட்டை நேரா வந்தா நான் ஏன் ரெண்டாந்தடவ கைய விடப் போறேன்?” என்றார்.

அதுதான் விஷயம். மறுநாள் ஒரு ஷிப்டு முழுக்க மெஷின் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, நோட்டில் கோடு போட்டுக்கொண்டே இருந்தேன். அட்டையை வைப்பதற்குக் கை போவது ஒரு தடவை. அது கணக்கில் இல்லை. வைத்த அட்டை சரியாக உட்காமல், அதைத் தட்டிவிட இரண்டாம் தடவை கை போகிறதே, அதை மட்டும் எண்ணினேன். ஒரு மணி நேரத்தில் 70 கோடு தாண்டிவிட்டது. அந்த இரண்டாம் தடவை எப்போது போகிறது தெரியுமா? தட்டு மூட ஆரம்பித்த பிறகு. ஏனென்றால் அப்போதுதான் அட்டை நழுவுவது கண்ணில் படும்.

அட்டை ஏன் உட்காரவில்லை? வளைந்திருக்கிறது. ஏன் வளைந்தது? இங்கேதான் இரும்பை விட்டு மாவுக்கு வர வேண்டும். நெளி அட்டையின் மேல் அச்சடித்த தாளை ஒட்டுகிறோம். பசையில் இருக்கும் தண்ணீரைத் தாள் குடிக்கும், நார் உப்பும், தாள் விரியும். விரிந்த நிலையில் ஒட்டிக்கொண்டு பிறகு காயும்போது சுருங்கும், அட்டையையும் தன் பக்கம் இழுக்கும். எந்தப் பக்கம் ஈரம் அதிகமாக இருந்ததோ அந்தப் பக்கம் வளையும். மாவு மிச்சமாகட்டும் என்று எங்கள் பசையில் தண்ணீரைத் தாராளமாக ஊற்றிக்கொண்டிருந்தார்கள். போதாததற்கு, ஒட்டின அட்டையைக் காயவிடாமல், அவசரத்தில் இரண்டே மணி நேரத்தில் பஞ்சிங்குக்கு அனுப்புவார்கள். விரலை வெட்டியது தட்டுதான். ஆனால் கையை உள்ளே இழுத்தது பசை வாளி.

ஆகவே இரண்டாவது மேம்பாடு மெஷினுக்குப் பத்து மீட்டர் தள்ளி ஆரம்பித்தது. பசையைக் கண்ணால் பார்த்துக் கலக்குவதை நிறுத்தினோம். அடியில் ஓட்டை போட்ட ஒரு எவர்சில்வர் டம்ளர், ஒரு ஸ்டாப்வாட்ச். டம்ளர் காலியாக எத்தனை வினாடி ஆகிறதோ அதுதான் பசையின் கெட்டித்தன்மை. குறிப்பிட்ட வினாடிக்குக் குறைந்தால் அந்த வாளியை ஏற்றக் கூடாது. இந்தப் பொறுப்பு அந்த மெஷின்மேனிடமே. ஒட்டின அட்டையைப் பலகை போட்டுப் பாரம் வைத்து ஒரு ராத்திரி விட்டோம். அட்டை போய் முட்டி நிற்கிற லேயை இன்னும் உயரமாக்கி, கீழே சரிவு கொடுத்தோம். நோட்டில் கோடு ஒரு மணிக்கு 70-லிருந்து ஒற்றை இலக்கத்துக்கு வந்தது. அதற்குப் பிறகு சட்டத்தை இறக்கிவிட்டேன். ஒருவரும் கட்டவில்லை.

ஒற்றை இலக்கம் என்றால் பூஜ்யம் இல்லையே. அதனால் கிளட்சுக்கு வந்தேன். கை எவ்வளவு வேகத்தில் ஆபத்தை நோக்கிப் போகும் என்பதற்கு ஐ.எஸ்.ஓ. 13855 என்ற சர்வதேசத் தரவிதி ஒரு எண் வைத்திருக்கிறது: வினாடிக்கு 1,600 மில்லிமீட்டர். மெஷின் நிற்க எடுக்கும் நேரத்தால் இதைப் பெருக்கினால், கையைக் கண்டுபிடிக்கும் ஒளித்திரையைக் குறைந்தது எவ்வளவு தூரத்தில் வைக்க வேண்டும் என்று வரும். சாவி கிளட்சில் முழுச் சுற்று ஆகாமல் நிற்காது. 3 வினாடி என்றால் 4.8 மீட்டர். அட்டை வைப்பவர் அடுத்த கட்டடத்தில் நின்றுதான் வைக்க வேண்டும்! காற்றழுத்தத்தில் வேலை செய்யும் உராய்வு கிளட்சும் பிரேக்கும் போட்டு, மொத்தம் 0.3 வினாடியில் நிறுத்த முடிந்தால் 480 மில்லிமீட்டர். நாங்கள் 600-இல் வைத்தோம்.

மறுபடியும் அதே 0.3 வந்ததைக் கவனித்தீர்களா? நான் அன்று பிடுங்கிய 0.3 வினாடியில், இந்தக் கணக்குப்படி, ஒரு கை அரை மீட்டர் போய்விடும்.

காற்று கிளட்சில் இன்னொரு லாபம். தட்டு முழுக்கத் திறந்த நிலையில் பிரேக் பிடித்து ஒரு கணம் நிற்கச் செய்யலாம். எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்று டைமரில் வைத்துக்கொள்ளலாம். மூடுவது வேகமாக மூடட்டும், திறந்திருப்பது கைக்கு வேண்டிய நேரம் திறந்திருக்கட்டும். புல்லியை மாற்றினால் இரண்டும் சேர்ந்துதான் வேகமாகும். அதுதான் என் முதல் மேம்பாட்டின் முட்டாள்தனம்.

முதலாளியிடம் பணம் கேட்டது தனிக் கதை. “தம்பி, பழைய மெஷினுக்குப் போய் இவ்வளவு செலவா? அதுக்குத் தானியங்கி மெஷினே வாங்கிரலாமேன்னு சொல்லுவீக போல!” என்றார். சொல்லத்தான் ஆசை. சுவிட்சர்லாந்தில் பாப்ஸ்ட் நிறுவனம் 1940-லேயே அட்டையைத் தானே பிடித்து இழுத்துப் போகும் தட்டையான பஞ்சிங் மெஷினைக் கொண்டுவந்துவிட்டது. அதில் கை போக வேலையே இல்லை. ஆனால் 2,000 பெட்டி, 3,000 பெட்டி என்று சில்லறை ஆர்டர் எடுக்கும் கம்பெனிக்கு அந்த விலை கட்டுபடியாகாது. நான் அவரிடம் விரலைப் பற்றிப் பேசவில்லை. அதைப் பேசினால் அவர் தலையைக் குனிந்துகொள்வார், காசோலை வராது. வளைந்த அட்டையால் ஒரு மாதத்தில் கழிவுக்குப் போன பெட்டியை எடை போட்டு வைத்திருந்தேன். அந்தச் சீட்டை மேஜை மேல் வைத்தேன். மறுவாரம் கம்ப்ரெஸர் வந்தது. இது சரியா தப்பா என்று பேராசிரியர்கள் பிறகு என்னிடம் சண்டை போடலாம்.

வேகத்தைக் குறைத்தும் ஷிப்டு கணக்கு குறையவில்லை. நழுவின அட்டைக்காக மெஷினை நிறுத்தி எடுக்கும் நேரம் மிச்சமாகிவிட்டது, அவ்வளவுதான்.

ஒரு வேலை பாக்கி இருக்கிறது. பிரேக் லைனிங் ஒவ்வொரு அடிக்கும் தேய்கிறது. தேயத் தேய 0.3 என்பது 0.35 ஆகும், 0.4 ஆகும். 0.4 என்றால் 640 மில்லிமீட்டர், நான் வைத்த 600 போதாது. அதனால் நிற்கும் நேரத்தை மாதம் ஒருமுறை அளந்து, தேதியோடு மெஷின் பக்கவாட்டில் பெயின்டால் எழுதுகிறோம். அதை அளக்கும் கருவிக்கு வெளியே சொல்லும் விலை சின்னக் கம்பெனிகளுக்கு எட்டாது. தண்டில் ஒரு என்கோடர், ஒரு மைக்ரோகன்ட்ரோலர், கை குறுக்கிட்ட கணத்திலிருந்து தண்டு நின்ற கணம் வரை எண்ணினால் போதும். இறுதியாண்டு மாணவர்கள் புராஜெக்டாக எடுத்துச் செய்யலாம். நான்கைந்து கம்பெனிகளில் அளக்க இடம் வாங்கித் தருவது என் பொறுப்பு. மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு அளப்போம். வருகிறவர்கள் முழுக்கைச் சட்டை, கைக்கடிகாரம், மோதிரம் போட்டுக்கொண்டு வர வேண்டாம். மெஷினை ஓட்டிக் காட்டப் போவது அந்த அண்ணன்தான். அவரிடம் தயங்காமல் கேளுங்கள், என்னைவிட நன்றாகச் சொல்வார்.