எஞ்சின் எண்ணெயும் காந்தமும்

1990 ஆம் ஆண்டு யூன் மாதத்திற் போர் மீண்டும் மூண்டபின், யாழ்ப்பாணக் குடாநாட்டிற் பெற்றோல் கிடைப்பது மிக அரிதாயிற்று. ஆயினும், கொக்குவிலூடாகச் செல்லும் காங்கேசன்துறை வீதியில் மோட்டார் வண்டிகள் அடியோடு மறைந்துவிடவில்லை. ஒஸ்டின் ஏ40, மொறிஸ் மைனர் போன்ற பழைய கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. சில துளி பெற்றோலை விட்டு எஞ்சினை முடுக்குவர். அது சூடேறியதும் மண்ணெண்ணெயே போதுமானதாயிற்று. அமுக்க விகிதம் குறைந்த எஞ்சின்களாதலின் அவை அதனைத் தாங்கிக்கொண்டன.

ஆனால், எஞ்சினின் உள்ளே தேய்வு மிகுந்தது. மண்ணெண்ணெய் பெற்றோலைப்போல் எளிதில் ஆவியாவதில்லை. எரியாது எஞ்சியது சிலிண்டர்ச் சுவரிற் படிந்திருக்கும் எண்ணெய்ப் படலத்தைக் கழுவிக்கொண்டு அடித்தொட்டியில் இறங்கும். அங்குள்ள எண்ணெய் நீர்த்துப்போகும். உலோகத்தோடு உலோகம் உராயும். உராய்வினால் நுண்ணிய துகள்கள் பிறக்கும். அத்துகள்கள் எண்ணெயோடு சுற்றிவந்து மேலும் தேய்வை உண்டாக்கும்.

நல்ல எரிபொருளில் ஓடும் எஞ்சினிலும் இத்தேய்வு சிறிதளவு உண்டு. துகள்களைத் தடுப்பதற்கே எண்ணெய் வடிகட்டி இருக்கிறது. எனினும், சாதாரண வடிகட்டி மிக நுண்ணிய துகள்கள் எல்லாவற்றையும் பிடிப்பதில்லை. மில்லிமீற்றரின் ஆயிரத்திற் சில பங்கேயான துகள்கள் அதனூடே நழுவிச் செல்லும். இங்குதான் காந்தம் துணைக்கு வருகிறது. அடித்தொட்டியின் எண்ணெய் வடிக்கும் திருகாணியின் நுனியிற் காந்தம் பதித்துவிட்டால், அருகே வரும் நுண்ணிய இரும்புத் துகள்கள் பலவும் அதிற் பற்றிக்கொள்ளும்.

விமான எஞ்சின்களில் இம்முறை இன்னும் ஒருபடி மேலே சென்றுள்ளது. காந்தத்தின் இரு முனைகளுக்கிடையே உலோகத் துகள்கள் சேர்ந்து பாலம் அமைத்தால், மின்னோட்டம் பாய்ந்து விமானியின் முன்னே எச்சரிக்கை விளக்கு எரியும்.

இனி, காந்தத்தின் எல்லைகளையும் அறிதல் வேண்டும். அது இரும்பையும் உருக்கையும் பிடிக்கும். பிஸ்டனின் அலுமினியத்தையோ, தாங்கிகளிலுள்ள செம்பு, ஈயம், வெள்ளீயம் ஆகியவற்றையோ பிடிக்காது. ஆகவே, காந்தம் சுத்தமாயிருந்தால் எஞ்சினும் நலமாயிருக்கிறது என்று முடிவுசெய்தல் தவறு. மேலும், எஞ்சின் எண்ணெயின் வெப்பம் 100 பாகை செல்சியசை எட்டக்கூடும்; சாதாரண நியோடிமியக் காந்தமோ 80 பாகையளவிலேயே வலுவிழக்கத் தொடங்கும். உடைந்த ஒலிபெருக்கியின் காந்தத்தை அடித்தொட்டிக்குள் வெறுமனே போட்டுவைத்தல் பெருந்தவறு. அது நொறுங்கினால், துகளைப் பிடிக்க வைத்த பொருளே துகளாகிவிடும்.

செலவின்றிச் செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு. எண்ணெய் மாற்றும்போது பழைய எண்ணெயைச் சுத்தமான தட்டமொன்றில் வடித்துக்கொள்ளலாம். எண்ணெய் ஆறியபின், காந்தமொன்றைப் பொலித்தீன் பையிற் சுற்றி அதனுள்ளே மெல்லத் துழாவி எடுக்கவேண்டும். பின்னர், காந்தத்தைப் பையிலிருந்து உருவிவிட்டால், ஒட்டியிருந்தவற்றை வெள்ளைத் தாளொன்றில் இலகுவாக வழித்தெடுக்கலாம். விரலிடையே மென்மையாக வழுக்கும் சாம்பல்நிறப் பசை வழமையான தேய்வின் அடையாளம். பளபளக்கும் செதில்களோ, ஊசிபோன்ற துண்டுகளோ தென்பட்டால், பற்சில்லு முதலிய உறுப்பொன்று உடையத் தொடங்கியிருக்கலாம். தாமதியாது எஞ்சினைத் திறந்து பார்ப்பதே நன்று. சோதனை முடிந்ததும் கைகளைச் சவர்க்காரமிட்டுக் கழுவவேண்டும். பழைய எண்ணெயை வளவில் ஊற்றுதல் கூடவே கூடாது. குடாநாட்டின் கிணறுகளுக்கு நீரூட்டும் சுண்ணாம்புப் பாறை, மேலே ஊற்றியதை வடிகட்டாது கீழே விட்டுவிடும் இயல்பினது.

காந்தம் வைத்திருப்பதனால் எண்ணெய் மாற்றும் காலத்தை நீட்டிவிடலாம் எனச் சிலர் எண்ணுகின்றனர். எண்ணெய் கெடுவது இரும்புத் துகளால் மட்டுமன்று. வெப்பம், கரி, அமிலம், நீர் ஆகியனவும் அதனைக் கெடுக்கின்றன. இவற்றுள் ஒன்றையேனும் காந்தம் அகற்றாது. அது நோயைத் தீர்க்கும் மருந்தன்று. நோய் முற்றுமுன் அறிவிக்கும் நாடி போன்றது. ஒரு காரின் உழைப்பிலே குடும்பம் நடத்தும் வாடகைக்காரச் சாரதிக்கு, அந்த அறிவிப்புச் சில நாள் முன்னதாகக் கிடைப்பதே பெரும் உதவியாகும்.